சுவரைக் கட்டியவரே இடித்த கதை: அயர்லாந்தின் இரண்டு பொருளாதார நெருக்கடிகளைப் பார்த்த ஷான் லெமாஸ் யார்?

ஒரு நெருக்கடியில் நாட்டுக்குக் கைகொடுத்த கொள்கை, 25 வருஷம் கழித்து அதே நாட்டின் கழுத்தை நெரிக்க ஆரம்பிக்கிறது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அப்போதும் பதவியில் இருந்தால் என்ன செய்வார்? நான் செய்தது சரிதான் என்று பிடிவாதமாக நிற்பவர்கள்தான் அதிகம்.

அயர்லாந்தில் ஒருவர் அப்படி நிற்கவில்லை. 1930-களில் வெளிநாட்டுப் பொருட்களுக்கு எதிராகப் பெரிய வரிச்சுவரை எழுப்பிய அவரே, 1960-களில் பிரதமராக உட்கார்ந்து அந்தச் சுவரை இடிக்கத் தொடங்கினார். அவர் பெயர் ஷான் லெமாஸ். நவீன அயர்லாந்தின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது இவரைத் தாண்டிப் போக முடியாது.

யார் இவர்? அந்தச் சுவரை ஏன் கட்டினார், ஏன் இடித்தார்? இடையில் விலை கொடுத்தது யார்?

தொப்பிக் கடைக்காரர் மகன்

1899 ஜூலை 15-ல் டப்ளினுக்குப் பக்கத்தில் உள்ள பாலிபிராக்கில் பிறந்தார் லெமாஸ். குடும்பத்துக்கு டப்ளின் கேப்பல் தெருவில் தொப்பியும் ஆடைகளும் விற்கும் கடை இருந்தது. அயர்லாந்து அரசியலில் அப்போது விவசாயக் குடும்பத்துக்காரர்களின் குரல்தான் பெரிது. லெமாஸ் நகரத்து வியாபாரி வீட்டுப் பிள்ளை. நிலத்தைவிட ஆலையும் கடையும் வேலையும்தான் அவருக்கு முதலில் கண்ணில் பட்டன.

அயர்லாந்து அப்போது பிரிட்டன் ஆட்சியில் இருந்தது. 1916 ஈஸ்டர் வாரத்தில் டப்ளினில் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தபோது லெமாஸுக்கு வயது 16. கிளர்ச்சியின் தலைமையிடமான பொது அஞ்சல் நிலையத்தில் துப்பாக்கியுடன் நின்றார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வயது குறைவு என்பதால் லெமாஸ் விடுவிக்கப்பட்டார்.

படிப்பு பின்னுக்குப் போனது. விடுதலைப் போரில் ஈடுபட்டுக் கைதாகி, 1920 இறுதியில் இருந்து ஓராண்டு பாலிகின்லர் தடுப்பு முகாமில் இருந்தார்.

சொந்த வீட்டில் விழுந்த அடி

1921 டிசம்பரில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அயர்லாந்தின் 26 மாவட்டங்கள் சுயாட்சி பெற்றன. வடக்கில் 6 மாவட்டங்கள் பிரிட்டனுடனே நின்றன. இதை ஏற்பதா வேண்டாமா என்ற கேள்வியில் போராளிகளே இரண்டாக உடைந்து, 1922-ல் உள்நாட்டுப் போர் மூண்டது.

லெமாஸ் ஒப்பந்தத்தை எதிர்த்த பக்கம். டப்ளின் நீதிமன்ற வளாகத்தில் புதிய அரசின் படையை எதிர்த்து நின்று பிடிபட்டார். தப்பினார், மறுபடி பிடிபட்டார்.

சண்டை முடிந்த பிறகுதான் பெரிய இடி விழுந்தது. 1923 ஜூலையில் அவருடைய அண்ணன் நோயல் கடத்தப்பட்டார். அக்டோபரில் டப்ளின் மலைப்பகுதியில் அவருடைய உடல் கிடைத்தது.

இதன் பிறகு லெமாஸ் பழிவாங்கும் அரசியலில் இறங்கியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எதிர்த்தரப்பினருடன் ஒரே நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்தும், அண்ணன் சாவை அவர் மேடைப் பேச்சாக்கவில்லை. நடந்ததை நோண்டாமல் அடுத்து என்ன என்று பார்ப்பது அவருடைய பழக்கம். பின்னாளில் தன் கொள்கையையே மாற்றியபோதும் இந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது.

துப்பாக்கியை விட்டுத் தேர்தலுக்கு

1924 இடைத்தேர்தலில் டப்ளினில் ஜெயித்தார். ஆனால் அவருடைய ஷின் ஃபேன் கட்சி நாடாளுமன்றத்தையே ஏற்கவில்லை. ஜெயித்தவர்கள் உள்ளே போக மாட்டார்கள். இப்படியே இருந்தால் எதுவும் நடக்காது என்று நினைத்தவர்களில் லெமாஸ் முக்கியமானவர்.

1926-ல் ஏமன் டி வலேரா தலைமையில் ஃபியன்னா ஃபால் கட்சி உருவானது. ஊர் ஊராகப் போய்க் கிளை அமைக்கும் வேலையில் லெமாஸின் கை பெரிது. 1927 ஆகஸ்டில் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. ஐந்தே ஆண்டில், 1932 மார்ச்சில், ஆட்சியைப் பிடித்தது. தொழில், வர்த்தகத் துறை லெமாஸுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 32. அமைச்சரவையிலேயே இளையவர்.

1932-ல் என்ன நெருக்கடி?

நேரம் மிக மோசம். 1929-ல் அமெரிக்காவில் தொடங்கிய பெருமந்தம் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. அயர்லாந்துக்காரர்களுக்குக் காலம்காலமாக இருந்த அமெரிக்கக் கதவும் மூடிக்கொண்டது. பிழைக்க வெளியே போக வழியில்லை, உள்ளே வேலையும் இல்லை.

அத்துடன் இன்னொரு சிக்கல். நாட்டின் ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரே சந்தைக்குப் போனது. அது பிரிட்டன். போன சரக்கில் பெரும்பங்கு மாடும் பால்பொருட்களும்தான்.

அந்த ஒரே வாடிக்கையாளருடன்தான் புதிய அரசு மோதியது. விஷயம் இதுதான்: குத்தகை விவசாயிகள் நிலப்பிரபுக்களிடம் இருந்து நிலம் வாங்க, பிரிட்டிஷ் அரசு பல ஆண்டுகளுக்கு முன்பு கடன் கொடுத்திருந்தது. விவசாயிகள் கட்டிய தவணையை அயர்லாந்து அரசு வசூலித்து லண்டனுக்கு அனுப்பி வந்தது. ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல். எங்கள் முன்னோர் நிலத்தை எங்களுக்கே விற்று அதற்குத் தவணையா என்பது டி வலேரா தரப்பின் வாதம். 1932-ல் அந்தப் பணத்தை நிறுத்தினார்.

பிரிட்டன் சும்மா இருக்கவில்லை. அயர்லாந்தின் மாட்டுக்கும் மற்ற விளைபொருட்களுக்கும் 20 சதவீத வரி போட்டது. பிறகு அதை இன்னும் ஏற்றியது. அயர்லாந்து பதிலுக்கு பிரிட்டிஷ் நிலக்கரி, சிமென்ட் உள்ளிட்ட பொருட்களுக்கு வரி போட்டது. 1938 வரை நீண்ட இந்த மோதலுக்குப் பெயர் பொருளாதாரப் போர்.

வரிச்சுவர் எப்படி எழுந்தது?

இந்த நெருக்கடியை லெமாஸ் ஒரு வாய்ப்பாகவும் பார்த்தார். வெளிநாட்டுப் பொருளுக்கு வரி போட்டால் விலை ஏறும். விலை ஏறினால் உள்ளூரில் அதே பொருளைச் செய்ய ஆள் வருவார். ஆலை வந்தால் வேலை வரும். கணக்கு எளிமையானது.

செருப்பு, துணி, சோப்பு என்று பட்டியல் நீண்டது. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் வரிக்கோ கட்டுப்பாட்டுக்கோ உள்ளாயின. அந்தக் காலத்தில் உலகிலேயே அதிகக் காப்பு வரி போட்ட நாடுகளில் ஒன்றானது அயர்லாந்து.

1932-லும் 1934-லும் வந்த உற்பத்திக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் அடுத்த அடுக்கு. புதிதாகத் தொடங்கும் ஆலையில் பாதிக்கு மேல் முதலீடு அயர்லாந்துக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். விலக்கு வேண்டுமானால் அமைச்சரிடம் உரிமம் வாங்க வேண்டும்.

தனியார் வராத இடத்தில் அரசே இறங்கியது. 1933-ல் சர்க்கரை நிறுவனம். மாலோ, தர்ல்ஸ், டுவாம் ஊர்களில் புதிய சர்க்கரை ஆலைகள். தொழிலுக்குக் கடன் தர தொழில் கடன் நிறுவனம். சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் கரிமண்ணை எரிபொருளாக்க 1934-ல் தனி வாரியம். 1936-ல் ஏர் லிங்கஸ் விமான நிறுவனம்.

பலன் கிடைத்ததா? எண்ணிக்கையில் கிடைத்தது. தொழில்துறையில் வேலை பார்த்தவர்கள் 1931-ல் சுமார் 1.10 லட்சம் பேர். 1938-ல் அது 1.66 லட்சம். உலகமே மந்தத்தில் கிடந்தபோது இது சின்ன விஷயம் இல்லை.

விலை கொடுத்தது யார்?

முதலில் மாடு வளர்த்தவர்கள். பிரிட்டன் சந்தை சுருங்கியதும் மாட்டு விலை சரிந்தது. கன்றை வளர்த்தால் தீவனச் செலவுக்கே கட்டாத நிலை. கன்றைக் கொன்று தோலைக் கொடுத்தால் 10 ஷில்லிங் என்று அரசே அறிவித்தது. ஒரு விவசாய நாட்டில் பிறந்த கன்றைக் கொல்வதற்கு மானியம். வேலையில்லாதவர்களுக்கு இலவச மாட்டிறைச்சியும் கொடுத்துப் பார்த்தது அரசு. விற்க முடியாத மாட்டை வேறு என்ன செய்வது?

நிலைமை எவ்வளவு மோசம் என்பது லெமாஸுக்கும் தெரிந்திருந்தது. பொருளாதாரம் நொறுங்கும் கட்டத்துக்கு வந்துவிட்டதாக 1932 இறுதியிலேயே டி வலேராவை எச்சரித்தார். வெளியே கெத்தாகப் பேசிய அரசுக்குள் இப்படி ஒரு பயமும் இருந்தது.

அடுத்து பெண்கள். 1936-ல் லெமாஸ் கொண்டுவந்த வேலை நிபந்தனைகள் சட்டம் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டியது, சம்பளத்துடன் விடுமுறையும் கொடுத்தது. அதே சட்டம், சில தொழில்களில் பெண்களை வேலைக்கு எடுக்கத் தடை போடும் அதிகாரத்தையும் அமைச்சருக்குத் தந்தது. பெண் தொழிலாளர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. ஆனாலும் சட்டம் வந்தது. வேலை குறைவாக இருந்தால் முதலில் ஆண்களுக்கு என்ற அன்றைய எண்ணம் சட்டமாகவே மாறிவிட்டது.

பொருளாதாரப் போர் படிப்படியாகத் தணிந்தது. 1935-ல் நிலக்கரிக்கு மாடு என்று ஒரு பண்டமாற்று ஒப்பந்தம். 1938 ஏப்ரலில் இறுதி உடன்பாடு. 1 கோடி பவுண்டை ஒரே தடவையாகக் கட்டிக் கணக்கை முடித்துக்கொண்டது அயர்லாந்து. பிரிட்டன் தன் கையில் வைத்திருந்த மூன்று கடற்படைத் துறைமுகங்களும் திரும்பக் கிடைத்தன.

மோதல் முடிந்தது. ஆனால் வரிச்சுவர் அப்படியே நின்றது.

வாரத்துக்கு அரை அவுன்ஸ் டீத்தூள்

இரண்டாம் உலகப்போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. 1939-ல் வழங்கல் துறை என்ற புது அமைச்சகம் லெமாஸிடம் வந்தது. ரேஷன்தான் அவருடைய அன்றாட வேலை.

பிரச்னை என்னவென்றால், நாட்டுக்குச் சொந்தமாகக் கப்பல்கள் அதிகம் இல்லை. பிரிட்டன் கப்பலில்தான் கோதுமை, நிலக்கரி, எண்ணெய் எல்லாம் வந்தது. போர் முற்றியதும் பிரிட்டன் தன் தேவையைத்தான் பார்த்தது. 1941-ல் டீத்தூள் ரேஷன் ஒரு ஆளுக்கு வாரம் அரை அவுன்ஸாக இறங்கியது. அதாவது சுமார் 14 கிராம். டீ இல்லாமல் பொழுது விடியாத நாட்டில் இது பெரிய அடி.

அதே 1941-ல் ஐரிஷ் ஷிப்பிங் என்ற அரசுக் கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டது. கிடைத்த பழைய கப்பல்களை வாங்கி ஓட்டி, கோதுமையைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ரயில் இன்ஜின்கள்கூடக் கரிமண்ணில் ஓடின.

தன் சுவரில் விரிசல் தெரிந்தபோது

போர் முடிந்ததும் லெமாஸ் ஒன்றைக் கவனித்தார். வரிச்சுவருக்குள் வளர்ந்த ஆலைகள் சோம்பிப் போயிருந்தன. போட்டி இல்லை. தரம் எப்படி இருந்தாலும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற நிலையில் இருந்த ஜனங்கள்தான் வாடிக்கையாளர்கள். சுமார் 30 லட்சம் பேர் உள்ள சந்தையில் ஒரு ஆலை எவ்வளவுதான் வளரும்? ஏற்றுமதி செய்யலாம் என்றால், அந்த விலைக்கும் தரத்துக்கும் வெளியே ஆள் இல்லை.

1947-ல், பாதுகாப்பில் வாழும் ஆலைகளின் திறமையையும் விலையையும் அரசு சோதிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். சட்டமாவதற்குள் 1948 தேர்தலில் ஆட்சி போய்விட்டது. மசோதா அத்துடன் முடிந்தது.

அதன்பின் 1957 வரை ஆட்சி மாறி மாறி வந்தது. மேற்கு ஐரோப்பா முழுக்க வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அயர்லாந்து மட்டும் தேங்கி நின்றது.

காலியாகிக்கொண்டே போன நாடு

1951-க்கும் 1961-க்கும் நடுவில் நாட்டை விட்டு நிகரமாக வெளியேறியவர்கள் சுமார் 4 லட்சம் பேர். மொத்த மக்கள் தொகையே 30 லட்சத்துக்குக் கீழே இருந்த நாட்டில் இதை யோசித்துப் பாருங்கள். டன் லேரி துறைமுகத்தில் கப்பல் ஏறி பிரிட்டனுக்குப் போனவர்கள் கட்டட வேலைக்கும், மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்கும் சேர்ந்தார்கள். போனவர்களில் இளம் வயதுக்காரர்களே அதிகம். ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை இல்லை, கால்பந்து அணிக்கு ஆள் இல்லை.

1961 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 28.18 லட்சம். அதுவரை எடுத்த கணக்கெடுப்புகளிலேயே இதுதான் குறைவு. இதற்காகவா சுதந்திரம் வாங்கினோம் என்ற கேள்வி வெளிப்படையாகவே எழுந்தது. விடுதலைக்காகத் துப்பாக்கி ஏந்திய தலைமுறைதான் இன்னும் ஆட்சியில் இருந்தது என்பதால் அந்தக் கேள்வி இன்னும் சுட்டது.

எதிர்க்கட்சியில் இருந்தபோது, 1955 அக்டோபரில், ஐந்து ஆண்டுகளில் 1 லட்சம் வேலைகள் என்ற திட்டத்தை லெமாஸ் முன்வைத்தார். அது அப்படியே நடக்கவில்லை. ஆனால் பழைய பாதை போதாது என்பதைக் கட்சிக்குள்ளேயே பேச வைத்தது.

ஒரு அதிகாரி எழுதிய அறிக்கை

1956-ல் நிதித்துறைச் செயலாளராக வந்தவர் டி.கே.விட்டேக்கர். வயது 39. இவர் தன் குழுவுடன் சேர்ந்து 1958-ல் பொருளாதார வளர்ச்சி என்ற தலைப்பில் ஒரு நீண்ட ஆய்வறிக்கை தயாரித்தார். காப்பு வரியை நம்பி இனி வண்டி ஓடாது, போட்டிக்குத் தயாராக வேண்டும், ஏற்றுமதி செய்யும் தொழில் வேண்டும், வெளிநாட்டு முதலீட்டை வரவேற்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

நேராகப் பார்த்தால் இது லெமாஸின் 25 வருஷ வேலைக்கு எதிரான குற்றப்பத்திரிகை. துணைப் பிரதமராகவும் தொழில்துறை அமைச்சராகவும் இருந்த அவர் நினைத்திருந்தால் அதை ஓரம் கட்டியிருக்கலாம். டி வலேரா தலைமையிலான அமைச்சரவை அறிக்கையை ஏற்றது. 1958 நவம்பரில் அதன் அடிப்படையில் முதல் பொருளாதாரத் திட்டம் வந்தது. ஒரு அதிகாரியின் பெயரோடு அறிக்கையும் வெளியானது. அப்போது அது வழக்கமே இல்லை.

1959 ஜூனில் டி வலேரா குடியரசுத் தலைவரானார். 60-வது பிறந்தநாளுக்கு சில வாரங்கள் இருந்தபோது லெமாஸ் பிரதமரானார். திட்டத்தைச் செயலாக்கும் பொறுப்பு நேரடியாக அவர் தோளில் விழுந்தது.

சுவர் எப்படி இடிந்தது?

ஒரே நாளில் இல்லை. தவணை முறையில்.

வெளிநாட்டு முதலீட்டைத் தடுத்த தன்னுடைய 1930-களின் சட்டங்களை 1958-லேயே தளர்த்தியிருந்தார். ஏற்றுமதி லாபத்துக்கான வரிச்சலுகையை 1956-ல் தொடங்கியது முந்தைய கூட்டணி அரசு. இவர்கள் ஆட்சியில் அது இன்னும் விரிவானது. 1959-ல் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி வரிவிலக்குத் தொழிற்பேட்டை வந்தது. ஜெட் விமானங்கள் வந்ததால் எரிபொருள் நிரப்ப ஷானனில் இறங்கும் தேவை குறைந்துகொண்டிருந்தது. ஊரே காலியாகிவிடும் என்ற பயத்தில் பிறந்த யோசனை அது.

1961 ஜூலை 31-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர விண்ணப்பித்தார். போட்டிக்கு நம் ஆலைகள் தயாரா என்று துறைவாரியாகச் சோதிக்க ஒரு குழுவும் போட்டார். பல ஆலைகள் தாக்குப்பிடிக்காது என்பதே பதில்.

1963 ஜனவரியில் பிரிட்டன் சேருவதைப் பிரான்ஸ் அதிபர் சார்ல் டி கால் தடுத்தார். அயர்லாந்தின் விண்ணப்பமும் அதோடு நின்றது. பின்வாங்க இது நல்ல சாக்கு. லெமாஸ் அதைப் பயன்படுத்தவில்லை. யாரும் கேட்காமலே 1963-லும் 1964-லும் தலா 10 சதவீதம் வரியைக் குறைத்தார். 1965 டிசம்பரில் பிரிட்டனுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டார். 33 ஆண்டுகளுக்கு முன் எந்த நாட்டுடன் வரிப்போர் நடத்தினாரோ, அதே நாட்டுடன்.

பலன்? ஆண்டுக்கு 2 சதவீத வளர்ச்சி என்பதே முதல் திட்டத்தின் இலக்கு. கிடைத்தது சுமார் 4 சதவீதம். 1966 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 28.84 லட்சமாக ஏறியது. ஊர்கள் காலியாவது நின்றது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டாம்.

எல்லையைத் தாண்டிய கார்

1965 ஜனவரி 14. வடக்கு அயர்லாந்துப் பிரதமர் டெரன்ஸ் ஓநீலைச் சந்திக்க லெமாஸ் பெல்ஃபாஸ்டுக்குப் போனார். கூடப் போனவர் விட்டேக்கர். முன்கூட்டியே தெரிந்தவர்கள் மிகச் சிலர். இரு பகுதித் தலைவர்கள் சந்தித்து சுமார் 40 வருஷம் ஆகியிருந்தது. பேச்சில் பெரும்பகுதி வர்த்தகம், சுற்றுலா, மின்சாரம் போன்ற நடைமுறை விஷயங்கள்தான். சந்திப்பை எதிர்த்து வடக்கில் போராட்டமும் நடந்தது. ஆனாலும் அடுத்த மாதமே ஓநீல் டப்ளினுக்கு வந்தார்.

எல்லாமே வெற்றிதானா?

இல்லை. 1963-ல் லெமாஸ் அரசு போட்ட 2.5 சதவீத விற்றுமுதல் வரியால் வியாபாரிகளும் ஜனங்களும் கொதித்தனர். நாடாளுமன்றத்தில் ஒரே ஓட்டில்தான் அது தப்பியது. வளர்ச்சியில் எங்கள் பங்கு எங்கே என்று தொழிலாளர்கள் அடிக்கடி வேலைநிறுத்தம் செய்தனர். 1966 அக்டோபரில் விவசாயிகள் டப்ளினை நோக்கி நடந்து வந்து வேளாண் துறை வாசலில் உட்கார்ந்தனர். 1930-களைப் போலவே இப்போதும் தங்களைக் கவனிக்கவில்லை என்பது அவர்கள் குறை.

இன்னொரு கேள்வியும் உண்டு. சுவரில் விரிசல் இருப்பது 1947-லேயே தெரிந்திருந்தால், இடிக்க ஏன் இத்தனை தாமதம்? நடுவில் கப்பலேறிய லட்சக்கணக்கானவர்களுக்கு 1960-களின் வளர்ச்சி கைக்கு வரவில்லை.

1966-ல் அவருடைய கல்வி அமைச்சர் டொனா ஓமாலி, நிதித்துறையின் ஒப்புதல் இல்லாமலே இலவச உயர்நிலைக் கல்வியை அறிவித்தார். நிதித்துறை கொதித்தது. லெமாஸ் அறிவிப்பைத் திரும்பப் பெற வைக்கவில்லை. அடுத்த ஆண்டே திட்டம் நடைமுறைக்கு வந்தது.

கடைசி ஆண்டுகள்

1966 நவம்பரில், யாரும் வற்புறுத்தாமலே பதவி விலகினார். ஜாக் லிஞ்ச் பிரதமரானார். வாழ்நாள் முழுக்கப் பைப் புகைத்த லெமாஸின் உடல்நிலை அப்போதே சரியில்லை. 1971 மே 11-ல் டப்ளினில் காலமானார். வயது 71.

அவர் விண்ணப்பம் போட்ட ஐரோப்பியச் சமூகத்தில் அயர்லாந்து சேர்ந்தது 1973 ஜனவரி 1-ல். 1972 வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் ஆதரவு தந்தனர். அதைப் பார்க்க அவர் இல்லை.

கதவு முழுதாகத் திறந்த பிறகு, 1930-களில் அவர் வரிச்சுவருக்குள் வளர்த்த செருப்பு, துணி ஆலைகள் பல ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவற்றில் வேலை பார்த்தவர்களுக்கு அது புது நெருக்கடி. இன்னொரு பக்கம், அமெரிக்க மருந்து நிறுவனங்களும் கம்ப்யூட்டர் நிறுவனங்களும் அயர்லாந்துக்கு வந்தன. அவர் திறந்த கதவில் வந்தது இரண்டும்தான்.